ஆயுத பூஜை அன்று வெடித்த துப்பாக்கி

ஆயுத பூஜைக்கு மறுநாள் காலை, என் மாணவி செண்பகத்தின் அப்பா, நான் துப்பாக்கி சுடச் சொல்லிக்கொடுக்கும் ரேஞ்சுக்கு வந்தார். கல்லூரிக்கு விடுமுறை. நான் மட்டும் ரைஃபிள்களுக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தேன். அவர் தி.நகரில் நகைக்கடை வைத்திருந்தவர், திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். எப்போதும் மடிப்புக் கலையாமல் இருப்பவர், அன்று சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டிருந்தார்.

"ஸ்டாஃபு, கடையில துப்பாக்கி வெடிச்சுட்டு. ஆசாரி மாரியப்பன் செத்துப்போனான்."

"யார் கையில இருந்துச்சு?"

"செண்பகம் கையிலன்னு போலீஸ்ல சொல்லியிருக்கோம்."

'சொல்லியிருக்கோம்' என்று அவர் சொன்னது எனக்குச் சரியாகப் படவில்லை.

1. ரேஞ்சில்

அப்போது எழுபதுகளின் தொடக்கம். ராணுவத்தில் ஹவில்தாராக இருந்து வெளியே வந்தவன், அடையாறு பக்கம் ஒரு கல்லூரியில் ரைஃபிள் பயிற்சியாளர் வேலை பார்த்தேன். பிள்ளைகளுக்கு நான் 'ஸ்டாஃப்'.

முதல் மாதம் தோட்டாவைக் கண்ணில் காட்ட மாட்டேன். துப்பாக்கி கைக்கு வந்ததும் அதன் வாயை மண்மேட்டுப் பக்கம் திருப்ப வேண்டும். போல்ட்டை இழுத்துத் தோட்டா அறையைப் பார்க்க வேண்டும். சுண்டுவிரலை விட்டும் பார்க்க வேண்டும். இதையே தினமும் செய்ய வைப்பேன். பையன்கள் முனகுவார்கள். "ஸ்டாஃப், நீங்க இப்பத்தானே பாத்துக் குடுத்தீங்க?"

"நான் பாத்தது எனக்கு. நீ பாக்குறது உனக்கு."

செண்பகம் முனகியதில்லை. இரண்டாம் வருட மாணவி. குப்புறப் படுத்து, மூச்சைப் பாதி விட்டு நிறுத்திச் சுட்டாள் என்றால் அத்தனை குண்டும் ஒரு ரூபாய் நாணயத்துக்குள் அடங்கும்.

2. அப்பா கேட்டது

நடந்ததை அப்பாவே சொன்னார். கடைக் காவலுக்கு லைசென்ஸ் வாங்கிய டபுள் பேரல் துப்பாக்கி. சந்தனம், குங்குமம் வைக்கச் சுவரிலிருந்து கீழே இறக்கியிருக்கிறார்கள். செண்பகத்தின் அண்ணன் கணேசன் அதைத் தோளில் வைத்து விளையாட்டாகக் குறி பார்த்திருக்கிறான். எதிரே மாரியப்பன் தன் குறடையும் சுத்தியலையும் பூஜைக்கு அடுக்கிக்கொண்டிருந்தார். உள்ளே தோட்டா இருந்தது யாருக்கும் நினைவில்லை. செண்பகம் அந்த நேரம் வாசலில் மாவிலை கட்டிக்கொண்டிருந்தாள்.

"கணேசனுக்குத் தையில கல்யாணம். கடையும் அவன் பேர்லதான் கெடக்கு. பொம்பளப் பிள்ள, காலேஜ்ல சுடப் படிச்சவ, கை தவறிட்டுன்னா கேஸு லேசாப் போயிரும்னு சொல்லுதாங்க. போலீஸு உங்களக் கேக்கும். பிள்ளைக்குக் கொஞ்சம் கவனம் பத்தாதுன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க, போதும்."

"செண்பகம் என்ன சொல்றா?"

"சரின்னுட்டா."

"என்னால முடியாது அண்ணாச்சி. என்கிட்டப் படிச்சதுலயே கவனமான பிள்ளை அவதான்."

"உங்களுக்குப் பிள்ளை இருக்கா?"

"ரெண்டு பையன்."

"ஒருத்தன் ஜெயிலுக்குப் போறான்னு வைங்க. அப்பச் சொல்லுங்க."

அவர் போய்விட்டார்.

3. ஸ்டேஷனில்

இன்ஸ்பெக்டர் மறுநாள் கூப்பிட்டு அனுப்பினார். ஒரு பெஞ்சில் அப்பா, கணேசன். தள்ளி ஒரு ஸ்டூலில் செண்பகம். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றாள், ரேஞ்சில் நிற்பது போலவே. கண்கள் மட்டும் தரையில் இருந்தன.

அவளுடைய கவனத்தைப் பற்றி எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். இன்ஸ்பெக்டர் கேட்டுக்கொண்டார். பிறகு அவளிடம், "அன்னிக்கு எப்படி எடுத்தே, காட்டும்மா" என்றார்.

ஏட்டு துப்பாக்கியைக் கொண்டுவந்து நீட்டினார். "காலியாத்தான் கீது. பயப்படாம புடி."

அவள் வாங்கினாள். துப்பாக்கியின் வாய் ஆள் இல்லாத சுவர்ப் பக்கம் திரும்பியது. கட்டைவிரல் தாழ்ப்பாளைத் தள்ளியது. குழலை மடக்கி, இரண்டு துளையிலும் பார்த்து, சுண்டுவிரலை விட்டுப் பார்த்துவிட்டுத்தான் நிமிர்ந்தாள்.

இன்ஸ்பெக்டர் மெதுவாகக் கேட்டார். "காலின்னு சொல்லித்தானே குடுத்தார்? அப்புறம் எதுக்குத் திறந்தே?"

"யார் சொன்னாலும் பாக்கணும் சார்."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவளுக்குப் புரிந்தது. துப்பாக்கியை மேஜையில் வைத்துவிட்டு, "இல்ல சார், நான்தான் சார்" என்று அழ ஆரம்பித்தாள். அப்பா தலையில் கை வைத்துக்கொண்டார். பெஞ்சில் இருந்த கணேசன் எழுந்தான். "அவ இல்ல சார். நான்தான்."

4. பிறகு

கணேசனுக்குத் தண்டனை கிடைத்தது. கல்யாணம் நின்றுபோனது. மாரியப்பனின் மனைவி பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ஊருக்கே போய்விட்டாள் என்று கேள்விப்பட்டேன். ஸ்டேஷனில் யாரும் அவள் பேச்சை எடுத்ததாக எனக்கு நினைவில்லை.

பிரின்சிபால் பெண்கள் அணியை நிறுத்தினார். "சுட்டது பயிற்சி இல்லாத பையன் சார்" என்று சொல்லிப் பார்த்தேன். "அது எனக்கும் உமக்கும் தெரியும். ஊர்ல காலேஜ் பேர்தானே அடிபடுது?" என்றார்.

செண்பகத்தின் படிப்பையும் நிறுத்திவிட்டார்கள். யூனிஃபார்மைத் திருப்பிக் கொடுக்க ஒருநாள் வந்தாள். சலவை செய்து மடித்துக் கொண்டுவந்திருந்தாள்.

"ஏம்மா ஒத்துக்கிட்டே?"

"அண்ணன் வீட்டுக்கு வேணும்னாங்க ஸ்டாஃப். நான் எப்படியும் வேற வீட்டுக்குப் போறவதானே." வாசல் வரை போய்த் திரும்பி, "இப்ப அம்மா என்கிட்டப் பேசுறதில்ல" என்றாள்.

அவளுக்கு எதிரியின் துப்பாக்கியைப் பற்றியும் தன் துப்பாக்கியைப் பற்றியும் சொல்லிக்கொடுத்திருந்தேன். சொந்த வீட்டாரே இப்படிக் கேட்டால் என்ன செய்வது என்று எனக்கே தெரியாது.

அதன் பிறகு சேரும் ஒவ்வொரு பிள்ளையிடமும், "வீட்டுல துப்பாக்கி இருக்கா?" என்று கேட்பேன். இருந்தால் அந்த வீட்டாருக்கும் சொல்லிக்கொடுக்கச் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விடுவேன். மயிலாப்பூரில் ஒரு வீட்டில் காபி கொடுத்து உட்கார்ந்து கேட்டார்கள். ராஜா அண்ணாமலைபுரத்தில் ஒரு பெரிய வீட்டில் கேட்டுக்குள்ளேயே விடவில்லை. மறு வாரமும் போனேன்.

துப்பாக்கி பிடிப்பவனுக்கு மட்டும் பாடம் எடுத்தால் போதாது. அது தொங்கும் சுவருக்குக் கீழே நடமாடுகிற எல்லோருக்கும் எடுக்க வேண்டும். இதை நான் கற்றுக்கொள்ள மாரியப்பன் சாக வேண்டியிருந்தது. அந்த மனிதரை நான் ஒருமுறைகூடப் பார்த்ததில்லை.