ராதா மேடத்தின் ஸ்வெட்டர் பீரோ

ராதா மேடம் போய்விட்டார்.

போன வாரம்... மாரடைப்பு. ஸ்ரீரங்கத்தில் தன் வீட்டு மாடியிலேயே.

கொஞ்ச நாள் கழித்து நிதானமாக எழுதலாம் என்றுதான் இருந்தேன். இன்று காலை ஒன்றைப் பார்த்தேன். அதனால் இப்போதே.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். கன்டோன்மென்ட்டில் எங்கள் இன்சூரன்ஸ் ஆபீஸில் எனக்குப் பக்கத்து சீட். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. மாடியில் அவர், கீழே தம்பி குடும்பம்.

பழைய ஸ்வெட்டர் சேர்ப்பார். நல்ல கம்பளி, கேஷ்மியர் மட்டும். ஆமாம், திருச்சியில்தான்.

ஆபீஸ் ஏ.சி. காற்று நேராக அவர் தலையில்தான் விழும். அதற்காக ஒன்று வாங்கப் போனவர்... அப்புறம் நிறுத்தவே இல்லை.

புதுசு பக்கம் போகவே மாட்டார். "இப்ப வர்றதுல பாதி பிளாஸ்டிக் நூலு கலா. நாலு தடவை துவைச்சா உருண்டை உருண்டையா பூத்துடும். இந்தப் பழசைத் தொட்டுப் பாருங்களேன்."

ஒரு தடவை மலைக்கோட்டைச் சந்தில் ஒரு கடைக்குக் கூட்டிப்போனார். வெளிநாட்டுப் பழைய துணி மூட்டை மூட்டையாக வரும் இடம். சித்திரை வெயில், மூச்சு முட்டுகிற புழுக்கம். மூட்டைக்குள் தோள் வரை கையை விட்டுத் துழாவிக்கொண்டே இருந்தார்.

கடைக்காரர், "மேடம், ஊட்டிக்குப் போறீங்களா?" என்றார்.

"இல்லைங்க, ஸ்ரீரங்கத்துக்கு."

கடைசியில் வெளியே வந்தது ஒரு கருநீல கார்டிகன். கழுத்துப் பட்டியில் ஸ்காட்லாந்து லேபிள். முழங்கையில் பூச்சி அரித்த ஓட்டை. அதே நிற நூலுக்காக ஊரெல்லாம் அலைந்து, தானே தைத்து மூடினார். அதற்கப்புறம் அதுதான் அவருக்குச் செல்லம்.

எனக்கு ஒருநாள் ஆபீஸிலேயே குளிர் ஜுரம். பல் கிட்டித்துப்போய் உட்கார்ந்திருந்தேன். போட்டிருந்த வேறொரு ஸ்வெட்டரைக் கழற்றி எனக்கு மாட்டிவிட்டு, ஆட்டோ பிடித்து டாக்டரிடம் கூட்டிப்போனார். துவைத்துத் தருகிறேன் என்றதற்கு, "நீங்களே வச்சுக்கோங்க. தயவுசெஞ்சு மெஷின்ல மட்டும் போட்டுடாதீங்க."

இப்படி ஒரு மனுஷி.

அவருடைய தம்பி மனைவிக்கு அந்த ஸ்வெட்டர்களைக் கண்டாலே ஆகாது. மொட்டைமாடி நிழலில் துண்டு விரித்து அவற்றை உலர்த்தினால், தன் வீட்டுத் துணியைக் கொடியிலிருந்து உருவிக்கொண்டு கீழே போய்விடுவார். "செத்த வெள்ளைக்காரன் துணி. எந்த வியாதியோ என்னவோ." என் காதுபடவே சொல்லியிருக்கிறார். ராதா மேடம் சிரித்துக்கொண்டு விட்டுவிடுவார். எனக்குத்தான் பற்றிக்கொண்டு வரும்.

அன்றைக்கு நான் போனபோது ஹாலில் கண்ணாடி ஐஸ் பெட்டியில் வைத்திருந்தார்கள். குளிரே தாங்காதவரை...

அந்தம்மாவிடம் மெதுவாகக் கேட்டேன். "எடுத்துட்டுப் போறப்ப அந்தக் கருநீல ஸ்வெட்டரைப் போட்டு விடலாமா? அவங்களுக்கு ரொம்பப் பிடிக்கும்."

"ஐயோ வேண்டாங்க. எவளோ போட்டது. போற நேரத்துல அந்த அழுக்கு எதுக்கு?"

தம்பியைப் பார்த்தேன். அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சரி, கொஞ்ச நேரம் அவருடைய ரூமில் உட்காரலாம் என்று மாடிக்குப் போனேன். பீரோ திறந்து கிடந்தது. அதன் முன்னால் ஒருத்தன்.

எனக்குத் தெரிந்தவன்தான். பழைய துணி விற்கும் இன்ஸ்டாகிராம் பக்கம் வைத்திருப்பவன். ராதா மேடத்திடம் எது நல்ல கம்பளி என்று கேட்டுக் கேட்டுத் தொழில் கற்றவன். "அக்கா, அக்கா" என்று அந்த வீட்டில் சாப்பிட்டவன்.

கீழே மாலையைப் போட்டுவிட்டு நேராக மேலே வந்திருக்கிறான். மொபைல் டார்ச் வெளிச்சத்தில் ஒவ்வொரு கழுத்துப் பட்டியாகத் திருப்பி லேபிள் பார்த்துக்கொண்டிருந்தான்.

"என்ன பண்றீங்க?"

"இல்ல மேடம்... வீட்ல எல்லாத்தையும் தூக்கிப் போட்டுடுவாங்க. அதான் ஹெல்ப் பண்ணலாம்னு..."

"அவங்க இன்னும் கீழதான் இருக்காங்க. இறங்குங்க."

சத்தம் கேட்டு அந்தம்மா மேலே வந்தார். என்னைப் பார்க்கவே இல்லை. அவன் கட்டில் மேல் தனியாக எடுத்து வைத்திருந்த அடுக்கைப் பார்த்தார். "இதெல்லாம் விலை போகுமா தம்பி?"

"போகும்க்கா. இது கேஷ்மியர்."

அடுக்கின் மேலிருந்த வெள்ளை ஸ்வெட்டரை எடுத்தார். கன்னத்தில் வைத்துப் பார்த்தார். எவளோ போட்டதை. பிறகு தன் ஹேண்ட்பேக்கில் மடித்து வைத்துக்கொண்டு அவனிடம் சொன்னார், "மிச்சத்துக்கு என்னன்னு சொல்லுங்க. அவர்கிட்ட நான் பேசிக்கிறேன்."

கீழே சங்கு ஊதிக்கொண்டிருந்தார்கள்.

நான் கத்தியிருக்க வேண்டும் என்று இப்போது தோன்றுகிறது. கீழே வந்து, கொள்ளிடக்கரை மயானத்துக்கு வண்டி கிளம்புகிற வரை பெட்டி பக்கத்திலேயே நின்றேன். மெல்லிசான காட்டன் புடவை ஒன்றைத்தான் போர்த்தி அனுப்பினார்கள்.

இன்று காலை அவன் இன்ஸ்டாகிராம் பக்கத்தில் அந்தக் கருநீல கார்டிகன். ஹேங்கரில் மாட்டி, ஜன்னல் வெளிச்சத்தில் அழகாகப் படம் எடுத்திருக்கிறான். "ஸ்ரீரங்கத்து அக்கா ஒருவரின் அன்பு நினைவாக. முதலில் கேட்பவருக்கே." கீழே வரிசையாக ஹார்ட். அதில் எங்கள் ஆபீஸ் ஆட்களும் உண்டு.

'அக்காவுக்குப் பதினாறாம் நாள்கூட ஆகவில்லை' என்று கமென்ட் போட்டேன். அழித்துவிட்டான். இன்னொரு தடவை போட்டேன். பிளாக் செய்துவிட்டான்.

சற்று முன் வேறொருவர் ஸ்க்ரீன்ஷாட் அனுப்பினார். விற்றுப்போய்விட்டதாம்.

காரியத்துக்கு வரச் சொல்லித் தம்பி போன் செய்தார். வரவில்லை என்று சொல்லிவிட்டேன். ஏன் என்று அவர் கேட்கவில்லை.

ராதா மேடம்... நல்லபடியாகப் போய்ச் சேருங்கள். அந்த வீட்டு வாசலை நான் இனி மிதிக்க மாட்டேன்.