கிளியூர்ப் பாதையில் ஈரம் காயாத சுவர்

பட்டாசுச் சத்தம் கேட்டாலே எங்கள் நாய் மணி கட்டிலுக்கடியில் நடுங்கிக்கொண்டு கிடப்பான். அதனால் 1993 தீபாவளிக்கு முதல் நாள், நானும் கணவரும் அவனைக் கூட்டிக்கொண்டு ஏற்காட்டுக்குக் கிளம்பிவிட்டோம். பஸ்ஸில் நாயை ஏற்ற மாட்டோம் என்றார்கள். சேலத்திலிருந்து அடிவாரம் வரை ஆட்டோ, பிறகு ஜீப். இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறி முடிக்க முக்கால் மணி நேரம்.

மேலே, ஒண்டிக்கடை என்கிற முக்கில் டீ குடித்தோம். கடைக்காரர் மணியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கிளியூர்ப் பக்கமாங்க? கயித்த உட்டுராதீங்க. போன வாரம் டவுன்காரங்க நாய் ரெண்டு ஆட்டக் கடிச்சுப்போட்டுது. இனி எது அவுந்து வந்தாலும் அடிச்சுப்போடுவோம்னு ஆட்டுக்காரங்க நிக்கறாங்க."

நாங்கள் தங்கவிருந்த விடுதியோ அந்தப் பாதையில்தான். கயிற்றைக் கையில் இரண்டு சுற்றுச் சுற்றிக்கொண்டு நடந்தேன்.

பாதி வழியில், எஸ்டேட் மதில்மேல் ஒருவர் படம் வரைந்துகொண்டிருந்தார். கயிற்றோடு ஒரு நாய், எதிரே வயிறு பெருத்த ஒரு ஆடு. லாரிகளுக்குப் பெயர் எழுதுபவர்; மாது என்று பெயர். பக்கத்தில் அவருடைய அக்கா சரசு செம்மறிகளை மேய்த்துக்கொண்டிருந்தார். சரசுவின் கணவர் பழனி தடியோடு நின்றார்.

"படத்தப் பாத்து நாய் திருந்துமா மாப்ளே?"

"நாய்க்கு இல்ல மாமா. கூட்டியாறவங்களுக்கு."

அப்போது வளைவில் ஒரு கார் நின்றது. கதவு திறந்ததும் பெரிய அல்சேஷன் ஒன்று குதித்து நேரே மந்தைக்குள் பாய்ந்தது. ஆடுகள் சிதறி ஓடி, பெயின்ட் காயாத சுவரில் முட்டிப் படத்தைக் கலைத்தன. மணி திமிறினான். நான் ரோட்டிலேயே உட்கார்ந்து அவனை இறுக்கிக்கொண்டேன். சினை ஆடு ஒன்றின் பின்னங்காலை அல்சேஷன் கவ்விவிட்டது. பழனி தடியை ஓங்கினார். மாது தூரிகையைப் போட்டுவிட்டுப் பாய்ந்து நாயின் கழுத்தைக் கட்டிப் பிடித்தார். அடி அவருடைய வலது தோளில் விழுந்தது.

கால் விடுபட்ட ஆட்டைச் சரசு இழுத்து அணைத்துக்கொண்டார். கார்க்காரர் ஓடிவந்து தன் பெல்ட்டை நாயின் கழுத்தில் மாட்டினார்.

"கடிக்காதுன்னு நெனச்சேங்க" என்றார்.

"எங்க ஆட்டுக்கு அது தெரியாதுங்க" என்றார் பழனி. பிறகு மாதுவிடம், "ஏன்டா குறுக்க வந்தே?"

"இதக் கொன்னுபோட்டா, நாம சுவத்துல வரைஞ்சத எந்த நாய்க்காரரு மாமா மதிப்பாரு?"

பழனி தடியைச் சுவரோரம் சாய்த்தார்.

நாயோடு மலைக்குப் போகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன்: காரின் கதவைத் திறக்கும் முன்பே கயிற்றைக் கட்டிவிடுங்கள். மந்தை வந்தால் ஓரமாக நின்று அதைப் போகவிடுங்கள். உங்கள் நாயின் குணம் உங்களுக்குத்தான் தெரியும்.

தீபாவளிக்கு மறுநாள், மலையிறங்குவதற்கு முன் அந்தச் சுவரடிக்குப் போனோம். "குட்டி உள்ள துள்ளுது, தொட்டுப் பாருங்க" என்று சரசு என் கையைக் கடிபட்ட ஆட்டின் வயிற்றில் வைத்தார். உள்ளே ஏதோ அசைந்தது. மாது கையைத் தூக்க முடியாமல் கீழே உட்கார்ந்து சொல்லிக்கொடுக்க, பழனி வாளியும் தூரிகையுமாக நின்று, அழிந்துபோன கயிற்றுக்குச் சிவப்புப் பூசிக்கொண்டிருந்தார்.

"இன்னுங் கொஞ்சம் தடிமனா போடுங்க மாமா."

"தெரியுது, சும்மாரு" என்றார் பழனி.