மூன்று மாதத்துக்கு ஒரு முறை

இன்று கடைக்குள் நுழைந்ததும் முதலில் கண்ணில் பட்டது நாற்காலிதான். முதலாளி பாய் தன்னுடைய நாற்காலியைக் கம்ப்யூட்டர் முன்னால் எனக்காகப் போட்டுவிட்டு, அவர் நின்றுகொண்டிருந்தார்.

மரக்காணத்தில் உப்பளக்காரர்களுக்குச் சாக்கு, தார்ப்பாய், கயிறு விற்கிற கடை அவருடையது. ஒன்பதாவதோடு படிப்பை நிறுத்திய என்னை, மாதாமாதம் ஜிஎஸ்டி ரிட்டர்ன் போடத்தான் பாய் வேலைக்குச் சேர்த்தார்.

"ஆடிட்டர் போன் பண்ணாரும்மா. இனிமே மூணு மாசத்துக்கு ஒரு தடவை ரிட்டர்ன் போட்டா போதுமாம். வரிய மட்டும் மாசாமாசம் கட்டணுமாம். மாத்திடு," என்றார்.

அவருக்கு ஒரே சந்தோஷம்.

திரையைப் பார்த்தபடியே, "அப்போ நானும் மூணு மாசத்துக்கு ஒரு தடவை வந்தா போதுங்களா?" என்று கேட்டேன். பாதிக் குரல்தான் வந்தது. ஆனாலும் பாய்க்குக் கேட்டுவிட்டது.

"நல்லா கேட்ட போ! நான் எழுதுற பில்ல உன்ன விட்டா யாரு படிப்பா? சாயங்காலம் பாத்தாலே எனக்குப் புரிய மாட்டேங்குது. மூணு மாசம் கழிச்சு காட்டுனா, எந்தக் கோழி கிளறுச்சுன்னு நானே கேப்பேன்."

உள்ளே கயிறு அளந்துகொண்டிருந்த அவர் மனைவி, "நிக்காவுக்கு முன்னாடி நீங்க போட்ட லெட்டரே எனக்கு இன்னும் புரியலைங்க," என்றார்.

பாய் சாக்குக் கட்டுகளை எண்ணப் போய்விட்டார்.

நான் சிரிப்பை அடக்கிக்கொண்டு, காலாண்டு என்பதைத் தேர்ந்தெடுத்து சேவ் பண்ணினேன். பிறகு நேற்றைய பில்களை எடுத்து ஒவ்வொன்றாக டைப் செய்ய ஆரம்பித்தேன்.