ஆனந்தவள்ளி பெயரால் எட்டு பேகல்

தென்காசியிலிருந்து குற்றாலம் போகும் வழியில் மேலகரத்தில் இறங்கி, "எஸ்.ஐ. வீடு எது?" என்று கேட்டுப் பாருங்கள். உதட்டைப் பிதுக்குவார்கள். "பேகல் சார் வீடு" என்று கேட்டால் டீ ஆற்றிக்கொண்டிருப்பவர்கூட ஒரு கையை விட்டுவிட்டு வழி காட்டுவார். முப்பத்தாறு வருடம் காக்கி மாட்டியும் கிடைக்காத பெயரை, நடுவில் ஓட்டை போட்ட ஒரு ரொட்டி மூன்றே மாதத்தில் குற்றாலீஸ்வரனுக்கு வாங்கிக் கொடுத்துவிட்டது.

வீரகேரளம்புதூர் பக்கம் நெல்வயல் வைத்திருந்த குடும்பம். நாலு ஆண்பிள்ளைகளுக்கு நிலத்தைப் பிரித்தால் ஆளுக்கு வரப்புதான் மிஞ்சும் என்று தெரிந்த தகப்பனார் செல்லச்சாமி, இரண்டு பேரை ராணுவத்துக்கும் இரண்டு பேரைப் போலீசுக்கும் அனுப்பிவிட்டார். குற்றாலீஸ்வரன் போலீஸ் பங்கில் வந்தவர். காவலராகச் சேர்ந்து, ஏட்டாகி, கடைசியில் சிறப்பு எஸ்.ஐ. ஆகி ஓய்வு பெற்றார். அந்தச் 'சிறப்பு' மட்டும் அவர் வாயில் வராது. விவரம் தெரிந்தவர்கள் அதைக் கேட்டால், ஏட்டையாவாக இருந்து வயசாகி வந்த பதவி என்று கண்டுகொள்வார்களே!

திருடன் என்று பெரிதாக யாரையும் அவர் பிடித்ததில்லை. சீசன் நேரத்தில் பேரருவிக் கரையில் நின்று விசில் ஊதி, ஆம்பளை இந்தப் பக்கம், பொம்பளை அந்தப் பக்கம் என்று கூட்டத்தை விலக்கியதுதான் சர்வீஸில் பாதி. ஊதினால் நாலாயிரம் பேர் நகர்வார்கள். அந்த ருசி கண்டவர் ஓய்வு பெற்று வீட்டில் உட்கார்ந்தால் என்ன ஆவார்? லவ் பேர்ட்ஸ் வளர்த்தார், பூனை கொண்டுபோனது. மாடித் தோட்டம் போட்டார், குரங்கு கொண்டுபோனது. ஜோசியம் படித்தார், சீசன் தவிர மற்ற நாளில் சொந்தக்காரர்கள் போக்குவரத்தை நிறுத்திக்கொண்டார்கள். ஏவினால் நகர்வதற்கு மிச்சம் இருந்தது மனைவி ஆனந்தவள்ளி ஒருத்திதான்.

அந்த ஆனந்தவள்ளி, போன ஆனி மாதம் அடுப்படியில் மயங்கி விழுந்தாள். சாரல் தொடங்கிவிட்டால் மேலகரத்து வீடுகள் எல்லாம் வாடகை வாங்காத லாட்ஜ்கள். அன்றைக்கு அருவியில் குளித்துவிட்டுப் பசியோடு வந்த பதினோரு உறவினர்களுக்கு முறுகலாகத் தோசை வார்த்துப் போட்டுக்கொண்டே இருந்தவள், பன்னிரண்டாவது தட்டைத் தனக்காக எடுக்கும்போது சரிந்தாள். தோசைக்கல்லில் கை படாமல் போனது தெய்வச் செயல்.

தென்காசியில் டாக்டர் ஸ்ரீதேவி ரத்தம் எடுத்துப் பார்த்தார். பாதத்தை விரலால் அமுக்கினார். அமுக்கின குழி அப்படியே நின்றது.

"உடம்புல புரதமே இல்ல சார். சட்டியில ஒட்டுனதத் தின்னே காலத்த ஓட்டியிருக்காங்க. மூணு மாசம் டைம் தாரேன். நல்லா சாப்பிட்டு ஏத்திட்டு வாங்க. ஏறலேன்னா படுக்கையில போட்டு நரம்பு வழியாத்தான் ஏத்தணும். அதுக்கும் கீழ இறங்குனா என் கையில இல்ல."

குற்றாலீஸ்வரன் வராந்தா பெஞ்சில் உட்கார்ந்து அழுதார். நடிப்பில்லை, நிஜமாகவே அழுதார். அவள் இல்லாத வீட்டில் தன் வேட்டி எங்கே இருக்கும் என்பதுகூட அவருக்குத் தெரியாது. அந்தப் பயத்தையும் பாசத்தையும் பிரித்துப் பார்க்க அவருக்கு வராது, நமக்கும் அது வேண்டாம்.

டாக்டர் சொன்னது முட்டை, மீன், பயறு, சுண்டல். முட்டை வாடையும் மீன் வாடையும் ஆனந்தவள்ளிக்குக் குமட்டும். பயறும் சுண்டலும் ஆகும். அவித்துக் கொடுத்திருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். "சுண்டலா? அது கோயில்ல தொன்னையில குடுக்கதுல்லா. ஒரு எஸ்.ஐ. பொண்டாட்டிக்குச் சுண்டலா வைத்தியம்?" என்று குற்றாலீஸ்வரன் ஒரேயடியாகத் தள்ளிவிட்டார். பெங்களூரில் இருக்கும் மகள் ஸ்வாதி ஒரு வீடியோ அனுப்பினாள். முட்டை இல்லாமல், கட்டித்தயிரும் சோயா மாவும் பொட்டுக்கடலை மாவும் சேர்த்து, மேலே எள்ளும் ஆளி விதையும் பூசணி விதையும் அப்பிச் சுடுகிற பேகல். "அம்மா தினமும் ரெண்டு சாப்பிடணும்ப்பா. மறந்துராதீங்க" என்று இரண்டு தரம் சொன்னாள். ஓவன் வந்தது, தராசு வந்தது, வாத்து மூக்கு போல இரண்டு கையுறை வந்தது. குற்றாலீஸ்வரன் மறுபடியும் பணியில் சேர்ந்தார்.

ஒருநாள் விட்டு ஒருநாள் எட்டு பேகல் என்று முடிவானது. வேலைப் பிரிவினை இப்படி. அவர் நாற்காலியில் அமர்ந்து வீடியோவை நிறுத்தி நிறுத்தி, "சோயா மாவு நூறு கிராம்!" என்று ஆணையிடுவார். அவள் நிறுப்பாள், சலிப்பாள், ஈஸ்ட்டை வெதுவெதுப்பான தண்ணீரில் கரைப்பாள், இருபது நிமிடம் மாவை அடித்துப் பிசைவாள். நடுவில் மூச்சு வாங்கும். "விடாத, பசை பிடிக்கணும்" என்பார் நாற்காலி. மாவு உப்பியதும் எட்டு உருண்டை பிடித்து, ஓட்டை போட்டு, வெல்லம் கரைத்த கொதிநீரில் போட்டுப் புரட்டி எடுத்து, விதையில் ஒற்றி அடுக்குவாள். மணி அடித்ததும் குற்றாலீஸ்வரன் எழுந்து கையுறை மாட்டித் தட்டை வெளியே எடுப்பார். போட்டோ அதற்குத்தான். வாட்ஸப்பில் எழுதுவார்: "துணைவியார் உடல்நலம் வேண்டி, என் கையால் தயாரித்த உயர்புரத விதை பேகல்." அறுபது கும்பிடு வரும், நாற்பது மாலை வரும். ஒரு பெண் போலீஸ், 'இப்படி ஒரு கணவர் கிடைக்கக் கொடுத்து வைத்திருக்க வேண்டும்' என்று எழுதியிருந்தாள். அதை மட்டும் ஆனந்தவள்ளிக்குச் சத்தமாக வாசித்துக் காட்டினார். அவள் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். "நல்ல பிள்ள" என்றாள்.

பந்திக்கு முந்து, படைக்குப் பிந்து என்பார்கள். படையில் இருந்து வந்த மனிதர் முதல் பாதியை வீட்டில் பிசகாமல் கடைப்பிடித்தார். எட்டில் இரண்டு சுடச்சுட அவருக்கு. தரப் பரிசோதனையாம். வெறுமனே பரிசோதித்தால் தரம் தெரியாதென்று புரோட்டா கடையில் வாங்கின சால்னாவில் முக்கிப் பரிசோதிப்பார். ஒன்று பழைய ஸ்டேஷனுக்கு. நாலு, காலையில் அருவி வரைக்கும் கூட நடக்கிற நண்பர்களுக்கு. கடைத் தேங்காயை எடுத்து வழிப் பிள்ளையாருக்கு உடைப்பதில் அவருக்குக் கை கூசாது.

நண்பர்களோ புத்திசாலிகள். இரும்புக்கடை மைதீன் ஒரு கடி கடித்துவிட்டு, "சார், இது வேற ரகம்!" என்பார். எந்த ரகம் என்று சொல்லமாட்டார். ஓய்வு பெற்ற வங்கி மேனேஜர் கோமதிசங்கர், "வீட்டுல வச்சு ரசிச்சு சாப்பிடுதேன்" என்று பையில் போட்டுக்கொண்டு, அடுத்த வளைவிலேயே குரங்குகளுக்கு எறிந்துவிடுவார். குற்றாலத்துக் குரங்கு எதையும் தின்னும். அதுகூடப் பூசணி விதையை நோண்டித் தின்றுவிட்டு வளையத்தை வாலருகே போட்டுவிட்டுப் போனது. ஒருநாள் குரங்கின் கையில் தன் பேகலைக் கண்ட குற்றாலீஸ்வரன் திடுக்கிட்டு நின்றார்.

"என்ன வே இது?"

"பறிச்சிட்டு ஓடிட்டு சார்! வாசனை இழுக்குல்லா!" என்றார் கோமதிசங்கர், கண் சிமிட்டாமல்.

அன்றைக்கு வாட்ஸப்பில் குரங்கு படமும் போனது.

எட்டில் ஏழு போனால் ஒன்று. அதை அவர் மறக்கவே மாட்டார். ஒரு தட்டில் வைத்து மூடி, "ஏட்டி, உனக்கு ஒண்ணு வச்சிருக்கேன். மறக்காம சாப்பிடு. உனக்காகத்தான் இத்தனை பாடும்" என்று சொல்லிவிட்டுத்தான் செருப்பு மாட்டுவார். மகள் சொன்ன இரண்டு எப்போது ஒன்றானது, அதுவும் தினமும் என்பது எப்போது ஒருநாள் விட்டு ஒருநாளானது என்று அவர் யோசித்ததில்லை. தரப் பரிசோதனை சாப்பாட்டில் சேராது. வீட்டு ஆம்பளை நடை முடிந்து வந்து காலைச் சாப்பாடு சாப்பிடும் முன் வீட்டுப் பொம்பளை சாப்பிடலாமா? அவர் திரும்பி வரும்வரை அவள் தொடமாட்டாள். அதற்குள் யாராவது வந்துவிடுவார்கள். ஆய்க்குடியிலிருந்து அவர் அக்கா மாடத்தி வருவாள். தபால்காரர் வருவார். பக்கத்து வீட்டு இசக்கிசெல்வி, "அந்த ஓட்டை ரொட்டி எப்படி இருக்கும்னு பிள்ளை கேக்கான்" என்று எட்டிப் பார்ப்பாள். வந்த ஆளுக்கு வெறும் காப்பியை நீட்ட ஆனந்தவள்ளிக்கு வராது. அவள் அம்மாவுக்கும் வந்ததில்லை. மூடியைத் திறந்து அந்த ஒன்றையும் கொடுத்துவிட்டு, பதினொரு மணிக்கு மேல் பழைய சோற்றைப் பிழிந்து ஊறுகாயோடு உட்காருவாள். தட்டு காலியாக இருப்பதைப் பார்த்து, "சாப்பிட்டியா? சபாஷ்!" என்பார் அவர்.

மூன்று மாதம் ஓடியது. கால் வீக்கம் கெண்டை வரை ஏறியிருந்தது. ஆனந்தவள்ளி சேலையை இறக்கிக் கட்டிக்கொண்டாள். அவள் மனசுக்குள் பயந்துதான் போயிருந்தாள். ஆஸ்பத்திரியில் படுத்தால் இந்த மனுசனுக்கு யார் சோறு போடுவது என்று பயந்தாள். அந்தப் பயத்தில்கூட அவள் பின்வரிசையில்தான் நின்றாள்.

பரிசோதனைக்குப் போன காலையில் அதிகப்படியாக ஒரு தட்டு சுட்டார்கள். எட்டையும் டப்பாவில் அடுக்கி, டாக்டருக்கும் நர்ஸ்களுக்கும் கொடுக்கக் குற்றாலீஸ்வரனே சுமந்து வந்தார். சட்டை வயிற்றுப் பொத்தான் போட முடியாமல் மேலே ஸ்வெட்டர் மாட்டியிருந்தார். டாக்டர் ரிப்போர்ட்டைப் பார்த்தார். பழைய ரிப்போர்ட்டைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"இறங்கியிருக்கே சார்."

"என்னது?"

"மூணு மாசத்துக்கு முன்னால இருந்தத விடக் குறைவு."

"இருக்காது டாக்டர். லேப்ல ஆள் மாறிப்போச்சு. அந்தப் பையனக் கூப்பிடுங்க, நான் விசாரிக்கேன். தினம் தினம் உயர்புரதம் டாக்டர்! என் கையால!" டப்பாவைத் திறந்து மேஜை மேல் வைத்தார். எள் மணம் எழுந்தது.

டாக்டர் அவரைப் பார்க்கவில்லை. "அம்மா, நீங்க சொல்லுங்க. தினம் எத்தன சாப்பிட்டீங்க?"

"ரெண்டு" என்றார் குற்றாலீஸ்வரன்.

"நான் அவங்களக் கேட்டேன்."

ஆனந்தவள்ளி கைப்பையின் வாரைச் சுருட்டினாள், பிரித்தாள். டாக்டர் கேள்வியை இளக்கிக் கேட்டார். "சரி, அது போட்டும். எப்படி இருக்கும் இது? புளிப்பா இருக்குமா, இனிப்பா?"

"நல்லா இருக்குன்னு எல்லாரும் சொல்லுதாவ டாக்டர்."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். பிறகு குற்றாலீஸ்வரன் மெதுவாகத் திரும்பினார். "ஏட்டி, நான் ஒண்ணு வச்சிட்டுத்தானே போவேன்? தட்டு காலியாத்தானே கிடக்கும்?"

"மதினி வந்தாவ. தபால்காரரு வந்தாரு. இசக்கிசெல்வி பிள்ளை கேட்டான். வந்தவங்களுக்கு என்னத்தக் குடுக்க?"

"ஒரு நாள் கூடவா நீ..."

"உப்பு பாக்கக்கூட இல்லங்க. நீங்க சாப்பிடாம நான் எப்படி வாயில வைக்க?"

 மூன்று மாதத்தில் எத்தனை தட்டு, எத்தனை எட்டு என்று குற்றாலீஸ்வரனின் மனசு தானாகக் கணக்குப் போடப் பார்த்து, பாதியிலேயே பயந்து நின்றுவிட்டது. அவள் இருபது நிமிடம் மூச்சு வாங்கப் பிசைந்ததெல்லாம் தன் தொப்பையாகக் கண் முன்னால் இருந்தது. வெட்கம் என்று ஒன்று அவருக்கு வந்து வெகுகாலம் ஆகியிருந்தது. வந்ததும் அடையாளம் தெரியாமல், உடம்புக்கு முடியவில்லை என்றே முதலில் நினைத்தார்.

டாக்டர் டப்பாவை நகர்த்தினார். "மூணு வாரம் தாரேன். அதுக்கு மேல அட்மிஷன்தான். எடுங்க. இங்கயே, என் முன்னாலயே சாப்பிடுங்க."

ஆனந்தவள்ளி ஒன்றை எடுத்தாள். சுற்றிப் பார்த்தாள். இரண்டாகப் பிய்த்தாள். பெரிய பாதியைப் புருசனிடம் நீட்டினாள்.

அவர் கையும் நீண்டது. வெட்கம் மனசில் இருந்தது, கைக்கு அது இன்னும் போய்ச் சேரவில்லை.

அந்தக் கையை ஆனந்தவள்ளி ஒரு நொடி பார்த்தாள். நீட்டினதைத் திருப்பித் தன் வாயில் வைத்துக் கடித்தாள். கடித்து இழுத்தாள். அது உடனே வரவில்லை. வெகுநேரம் மென்றாள். குற்றாலீஸ்வரன் நீட்டின கையை என்ன செய்வதென்று தெரியாமல் ஸ்வெட்டரில் துடைத்துக்கொண்டு, அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

விழுங்கி முடித்து அவள் சொன்னாள்:

"நல்லாவே இல்லையேங்க. இதையா ஊரெல்லாம் புகழ்ந்துச்சு?"

பிறகு மற்றப் பாதியையும் தின்றாள். டப்பாவை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, யார் முகத்தையும் பார்க்காமல், இரண்டாவதை எடுத்தாள்.