கையெழுத்துப் போடாத மதியம்

பாடத்திட்டத்தில் அதற்குத் தொகுப்பேடு என்று பெயர். பூந்தமல்லிக்கு அந்தப் பக்கம் நான் வேலை பார்க்கும் பி.எட். கல்லூரியில் எல்லோருக்கும் அது ஆர்ட் ரெக்கார்டுதான். நாளைக்கு ஆசிரியராகப் போகிறவர்கள் தாங்கள் வரைந்ததையும், பிள்ளைகளை வரையவைத்ததையும், அதில் கற்றுக்கொண்டதையும் ஒரு வருடம் சேர்த்துவைக்க வேண்டும். நடப்பது வேறு. கடையில் சொன்னால் மயில், குத்துவிளக்கு, கோலம் என்று இருபது பக்கம் வரைந்து, ஜிகினா ஒட்டி, பெயர் எழுத மட்டும் இடம் விட்டுக் கொடுத்துவிடுவார்கள்.

இது எனக்குத் தெரியாமல் நடக்கவில்லை. மூன்று வருடம் அந்த மயில்களுக்கு நானே ‘மிக நன்று’ என்று எழுதியிருக்கிறேன். நான் பி.எட். படித்தபோது ஆவடி குவார்ட்டர்ஸில் உட்கார்ந்து என் ரெக்கார்டை வரைந்தவள் என் அக்கா. அதனால் யாரையும் கேட்கும் யோக்கியதை எனக்கு இல்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

நான் வேலைக்குச் சேர்ந்த நாலாவது வருடம் வெள்ளானூரிலிருந்து ஒரு பெண் வகுப்புக்கு வந்தாள். என்னைவிட இரண்டு வயது மூத்தவள், இரண்டு பிள்ளைகளுக்குத் தாய். அம்பத்தூரில் ஒரு கம்பெனியில் பத்து வருடம் உதிரிபாகங்களைச் சோதித்துப் பிரிக்கும் வேலையில் இருந்துவிட்டுப் படிக்க வந்தவள். அவளுடைய ரெக்கார்டில் மயில் இல்லை. ஒரே அளவில் இரண்டு தாள்கூட இல்லை. பயிற்சிக்குப் போன பள்ளியில் ஆறாம் வகுப்புப் பிள்ளைகளிடம், “வீட்லேர்ந்து ஸ்கூலுக்கு வர்ற வழிய வரைங்க” என்று சொல்லியிருக்கிறாள். ஒரு சிறுமி வெறும் கால்களாக வரைந்திருந்தாள். செருப்புக் கால், ஷூ கால், கொலுசுக் கால், நடுவில் ஒரு காய்கறிப் பை. கீழே இவளுடைய குறிப்பு: ‘பள்ளிக்கூடம் எங்கே என்று திட்டினேன். தப்பு என்னுடையது.’

“இதுல என்ன தப்பு?” என்று கேட்டேன்.

“அந்தப் பொண்ணு திருவேற்காட்லேர்ந்து ஷேர் வேன்ல நின்னுகினு வருது மேடம். கூட்டத்துல அது ஒசரத்துக்கு காலு மட்டுந்தான் தெரியும். அது தெரியாம ‘இன்னா இது, ஸ்கூலு எங்க கீது’ன்னு கேட்டுட்டேன். மறுநாளு நானே அந்த வேன்ல அது ஒசரத்துக்கு குந்திகினு பாத்தேன்.”

அடுத்த தாளில், குந்தியபடி தான் பார்த்ததை வரைந்திருந்தாள். கோடு கோணல்தான். வேன் குலுங்கியது அதில் தெரிந்தது.

செய்முறைத் தேர்வன்று வேறு கல்லூரியிலிருந்து எக்ஸ்டர்னலாக ஒரு தேர்வாளர் வந்தார். மயில்களுக்கெல்லாம் தொண்ணூறுக்கு மேல் போட்டார். இவளுக்கு ஐம்பத்திரண்டு.

“ஏன் சார்?” என்றேன்.

“பார்டர் இல்ல, இண்டெக்ஸ் இல்ல. தப்பா வந்த படத்தைப் போய் யாராவது ரெக்கார்டுல வைப்பாங்களா மேடம்?”

“அதுதான் சார் ரெக்கார்டு. மத்ததெல்லாம் கடையில வாங்கினது.”

“அது எனக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும். பிள்ளைங்க பாஸானா போதும். கையெழுத்துப் போடுங்க.”

மதிப்பெண் தாளில் அவருடைய கையெழுத்தும் உள்தேர்வாளரான என் கையெழுத்தும் வேண்டும். நான் பேனாவை மூடி மேசைமேல் வைத்தேன். கல்லூரி முதல்வர் அம்மா வந்தார். “ஒரு ஆளுக்காக இவ்ளோ பேரை நிறுத்தி வைப்பீங்களா?” என்றார்.

“எல்லாருக்காகவும்தான் மேடம். ஒவ்வொருத்தரையும் கூப்பிடுவோம். தன் ரெக்கார்டுல ஏதாவது ஒரு பக்கத்தைப் பத்தி ரெண்டு நிமிஷம் பேசட்டும். அப்புறம் மார்க் போடலாம். அதுவரைக்கும் நான் கையெழுத்துப் போட மாட்டேன்.”

சாப்பாடு வந்து ஆறியது. கடைசியில் எக்ஸ்டர்னலே, “சரி, கூப்பிடுங்க, முடிச்சுத் தொலைப்போம்” என்றார். வந்தவர்களில் பலர் தங்கள் மயிலைப் பார்த்தபடி சும்மா நின்றார்கள். சிலர் தடுமாறினாலும் வகுப்பில் நடந்ததைச் சொன்னார்கள். வெள்ளானூர்க்காரி கால் படத்தை விரித்துவைத்துப் பேச ஆரம்பித்தாள். இரண்டு நிமிடம் தாண்டியும் அவர் நிறுத்தச் சொல்லவில்லை. ஒரு கேள்விகூடக் கேட்டார்.

மதிப்பெண்கள் மாறின. அவளுக்கு எண்பத்தாறு. ‘உள்தேர்வாளரின் வற்புறுத்தலால்’ என்று பக்கத்தில் எழுதப் போவதாக எக்ஸ்டர்னல் சொன்னார்.

“எழுதுங்க சார். உண்மைதானே” என்றேன். எழுதினார். அதற்குக் கீழேதான் கையெழுத்துப் போட்டேன்.

மறுநாள் ஒரு மாணவி ஆசிரியர் அறைக்கே வந்துவிட்டாள். அழுது முகம் வீங்கியிருந்தது. “வருஷம் பூரா இதே ரெக்கார்டைப் பாத்து நல்லாருக்குன்னுதானே சொன்னீங்க. நேத்து மட்டும் ஏன் மேடம் எங்கள அசிங்கப்படுத்துனீங்க?”

“நீ கேக்கறது நியாயம். வருஷம் பூரா நான் பண்ணினதுதான் தப்பு. நேத்துப் பண்ணினது தப்பில்ல” என்றேன். அவள் சமாதானமாகவில்லை. அன்றிலிருந்து என்னைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். அந்தக் கோபத்துக்கு நான் பாத்தியப்பட்டவள்தான்.

அந்த வாரமே மெமோ வந்தது. தேர்வைத் தாமதப்படுத்தியதற்கு விளக்கம் கேட்டிருந்தார்கள். வருத்தம் தெரிவித்து ஒரு வரி எழுதினால் போதும் என்று அலுவலகத்தில் சொன்னார்கள். நான் இரண்டு வரி எழுதினேன். நடந்தது உண்மை என்று ஒன்று. இந்தப் பாடம் என்னிடம் இருக்கும்வரை ஒவ்வொரு வருடமும் இப்படித்தான் நடக்கும் என்று இன்னொன்று. முதல்வர் அம்மா அதைப் படித்துவிட்டு, “வருத்தம்ங்கற வார்த்தையே இல்லையே” என்றார்.

“இல்ல மேடம்” என்றேன்.