படலுடன் தொட்டி ஒன்று

கிருத்திகைக் கூட்டம். பேருந்து நிலையத்தில் மொட்டைத் தலைகளுக்கும் காவடிகளுக்கும் நடுவில் நின்றுகொண்டிருந்தபோது, நான் வேலை செய்யும் அலுவலகத்தின் பத்திர எழுத்தர் போனில் அழைத்தார். "தொட்டி நைனா போய்ட்டாரும்மா" என்றார். இரைச்சலில் எனக்குச் சரியாக விளங்கவில்லை. "எங்க போய்ட்டாரு சார்?" என்று கேட்டுவிட்டேன். அவர், "காலைல அஞ்சு மணிக்கு. தூக்கத்துலயே" என்றார்.

அவருடைய பெயர் முனிரத்தினம். உங்களில் பலருக்கு அது தெரியாமல் இருக்கலாம். மாலையோடு வந்தவர்கள்கூட, "தொட்டி நைனா வூடு எது?" என்றுதான் தெருவில் வழி கேட்டார்கள். துக்க வீட்டிலும் ஒருவர் அந்தப் பெயர் வந்த கதையைச் சொன்னார். நைனாவின் காது வாழ்நாளில் ஒரே ஒரு முறைதான் ஏமாந்தது, அதற்குத்தான் அந்தப் பெயர் என்றார். எல்லோரும் அன்போடுதான் சிரித்தார்கள். நான் வந்தவர்களுக்குச் செம்பில் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்தேன். அந்தக் கதை சரியில்லை. அவர் காது ஏமாறவே இல்லை. கூட்டத்தில் பேச எனக்கு வராது, அதனால் எழுதுகிறேன்.

பழைய பாகப் பட்டியல்களைப் படித்துத் தட்டச்சு செய்வதுதான் எங்கள் அலுவலகத்தில் என் வேலை. அண்ணன் தம்பி பிரியும்போது யாருக்கு எது என்று எழுதிவைத்த காகிதங்கள் அவை. நிலம் மட்டுமில்லை, அண்டா, உலக்கை, தாம்புக்கயிறு வரைக்கும் இருக்கும். வீட்டில் தெலுங்கு பேசிக்கொண்டு, தமிழ் எழுத்து மட்டும் கற்றவர்கள் எழுதியவை நம் பக்கத்தில் நிறைய. அவற்றில் தமிழ் எழுத்துக்குள் தெலுங்குச் சொல் உட்கார்ந்திருக்கும். எனக்கு எழுத்துத் தெரியும், தெலுங்கு தெரியாது. நைனா நகரிப் பக்கம் தெலுங்குப் பள்ளியில் ஐந்தாவது வரை படித்தவர். ஆந்திர எல்லையின் இரண்டு பக்கமும் மாட்டுச் சந்தைகளில் தரகு செய்து, முழங்கால் ஒத்துழைக்காமல் போனதும் எங்கள் அலுவலகத்துக்கு வந்தவர். இரண்டு மொழியும் பேசுவார். தமிழ் படிக்க வராது. ஆகவே நான் படிப்பேன், அவர் கேட்பார். ஒருவர் வராத நாளில் மற்றவருக்குப் பாதி வேலைதான்.

முதல் வாரமே என் குரல் அவருக்குப் பெரிய தொந்தரவாக இருந்தது. "காகிதத்துக்குக் கேட்டா போதுமா காலேஜு? எனக்குக் கேக்க வாணாமா?" என்பார். எங்கள் குடும்பத்தில் நான்தான் முதலில் கல்லூரிக்குப் போனவள் என்று தெரிந்த நாளிலிருந்து என் பெயர் அவருக்குக் காலேஜுதான். ஒரு பட்டியலில் "கொடவலி மூன்று" என்று இருந்தது. மெல்லப் படித்தேன்.

"இன்னாது? குடல் வலியா?"

"கொடவலி, நைனா. மூணு."

"மூணு பேருக்கு வயித்து வலின்னு எவனாவது பாகம் பிரிப்பானா? கொடவலிம்மா! கதிர் அறுக்கற அருவா. நீ சொல்ற சொல்லுல அருவாவே மொக்கையாயிடுச்சு."

அடுத்த அறையிலிருந்து பத்திர எழுத்தர் சிரிக்கும் சத்தம் கேட்டது. எனக்கு முகம் எரிந்தது. ஆனால் அதற்குப் பிறகு உரக்கப் படித்தேன்.

அவர் ஒரு சொல்லைக் கேட்டதும் பொருள் சொல்லிவிடுவதில்லை. "அதுக்கு முன்னாடி இன்னா இருக்குது? பின்னாடி இன்னா இருக்குது?" என்று கேட்பார். "அரக ஒன்று" என்பதை நான் அரக்கு என்று எண்ணியபோதும் அப்படித்தான் கேட்டார். முன்னால் நுகத்தடி, பின்னால் மாடு இரண்டு. "அப்போ அது அரக்கு இல்ல. கலப்பை, நுகம், மாடு எல்லாம் ஒண்ணா கட்டினா அரக. சாமான் எப்பவும் தனியா நிக்காது காலேஜு. பக்கத்துல யாரு நிக்கறாங்கன்னு பாத்துட்டு அப்புறம் பேரு வை." இதை அவர் பாடமாகச் சொல்லவில்லை. டீயை ஆற்றிக்கொண்டே, பாதி எரிச்சலில் சொன்னார்.

இனி நடந்ததைச் சொல்கிறேன். கனகம்மாசத்திரம் பக்கத்துக் கிராமத்திலிருந்து தேசம்மா என்று ஒருவர் வந்தார். கணவர் இறந்துவிட்டார். இரண்டு கறவை மாடுகள்தான் பிழைப்பு. மாடுகளைக் கட்டும் கொல்லைப்புறம் தங்களுடையது என்று கணவரின் பெரியப்பா மகன் சுப்பிரமணி சொல்கிறார், அங்கே வீடு கட்டப் போகிறார், அந்த இடம் போனால் மாடுகளை விற்பதைத் தவிர வழியில்லை என்றார். அவரிடம் பழைய பாகப் பட்டியல் இருந்தது. "எங்க வூட்டுக்காரரு இதுல இருக்குதுன்னு சொல்வாரு. நல்ல எழுத்துல போட்டுக் குடும்மா, ஊர்ல காட்டணும்" என்றார்.

அன்று நைனா வரவில்லை. மூன்று நாளாக ஜுரம். தேசம்மாவுக்கு அவசரம். நான் தனியாகவே படித்தேன். தேசம்மாவின் மாமனார்தான் இளையவர். அவர் பங்கில் கடைசி வரி, "தொட்டி ஒன்று, படலுடன்" என்றிருந்தது. தொட்டி என்றால் எந்தத் தொட்டி என்று யாரும் கேட்டுவிடக் கூடாதே என்று, "தண்ணீர்த் தொட்டி ஒன்று" என்று அடித்தேன். காகிதத்தில் இல்லாத ஒரு சொல்லை நானாகச் சேர்த்தேன். படல் என்ற சொல்லையும் அடித்தேன். அது ஏன் அங்கே நிற்கிறது என்று யோசிக்கவில்லை. நான் பிறந்த வீட்டுக்குக் கதவே படல்தான். மூங்கிலும் கீற்றும் வைத்துக் கட்டியது. தினமும் அதைத் தூக்கி வைத்து வளர்ந்தவள் நான்.

ஐந்தாம் நாள் தேசம்மா திரும்பி வந்தார். ஊரில் அந்தப் பிரதியைப் படித்தார்களாம். சுப்பிரமணி, "தொட்டிதான உன் பங்கு? கல்தொட்டி அங்கதான் கெடக்குது, தூக்கிக்கினு போ" என்றாராம். வெள்ளிக்கிழமைக்குள் மாட்டை அவிழ்க்க வேண்டும் என்று பேசி முடித்துவிட்டார்கள். தேசம்மா என்னைத் திட்டவில்லை. "காகிதமே அப்படிச் சொன்னா நான் இன்னாம்மா பண்றது" என்று மட்டும் கேட்டார்.

நைனா அன்று ஜுரம் விட்டு வந்திருந்தார். மூலத்தை எடுத்துப் படிக்கச் சொன்னார். படித்தேன்.

"தொட்டியா? பக்கத்துல யாரு?"

"படல், நைனா."

அவர் என்னைப் பார்த்தார். நான் படித்ததைத் தெலுங்கில் ஒருமுறை தனக்குள் சொல்லிப் பார்த்தார். 'தேவி'யில் வரும் ஒலியில் தொடங்கி, 'வண்டி'யில் வரும் ஒலி இரட்டித்து முடிகிற சொல். அதற்கு மாட்டுப்பட்டி, கொல்லை என்று பொருள். அந்தச் சொல்லையும் தண்ணீர்த் தொட்டியில் வரும் தொட்டியையும் தமிழில் ஒரே மாதிரிதான் எழுத முடியும். அவர் வாயிலிருந்து அந்த ஒலி வந்ததுமே தேசம்மா எழுந்து நின்றுவிட்டார். "ஆங்! அதான்! நாங்க வூட்ல அப்படித்தான் சொல்லுவோம்!" என்றார்.

வியாழக்கிழமை நானும் நைனாவும் தேசம்மாவின் ஊருக்குப் பஸ் ஏறினோம். பால் சொசைட்டி வாசலில் பத்துப் பதினைந்து பேர் கூடியிருந்தார்கள். தப்பு என்னுடையது என்று சொல்ல வேண்டும். வழியெல்லாம் அந்த வாக்கியத்தை மனதில் சொல்லிக்கொண்டே போனேன். அங்கே ஒரு பெரியவர், "இன்னாம்மா, நீதான எழுதின? இப்ப வந்து மாத்திச் சொல்ற?" என்றார். எனக்கு வாய் திறக்கவில்லை.

நைனா முன்னால் வந்தார். "அந்தப் பொண்ணு இருக்கறத இருக்கற மாதிரிதாங்க படிச்சிச்சு. நான்தான் காதுல தப்பா வாங்கினேன். தண்ணித் தொட்டின்னு போடச் சொன்னது நானு."

"காது கேக்காதவர வெச்சிகினுதான் பத்திரம் எழுதறீங்களா?" என்றார் சுப்பிரமணி. சிரிப்பு எழுந்தது.

"கேக்கலதான்பா. இப்ப கேட்டுக்கலாம்" என்று சொல்லிவிட்டு என்னிடம் திரும்பினார். "காலேஜு, கடைசி வரியப் படி. கடைசில நிக்கற ஆளுக்குக் கேக்கணும்."

படித்தேன். தொட்டி ஒன்று, படலுடன்.

"தண்ணித் தொட்டிக்கு எந்த ஊர்ல படல் கட்டறாங்க? தண்ணி தப்பிச்சு ஓடிடும்னா?"

இந்த முறை சிரிப்பு வேறு பக்கம் திரும்பியது. அது தெலுங்குச் சொல், மாட்டுப்பட்டி என்று பொருள் என்பதையும் நைனா சொன்னார். சுப்பிரமணி விடவில்லை. "தெலுங்குல அந்தத் தொட்டிக்குப் போறேன்னா கக்கூசுக்குப் போறேன்னு அர்த்தம். அதையும் பாகம் பிரிச்சாங்களா?" என்றார். "ஆங், அந்தக் காலத்துல எல்லாரும் கொல்லைக்குத்தான போனாங்க. நீயே சொல்லிட்ட பாரு, அது கொல்லைதான்னு" என்றார் நைனா. பிறகு பேச அதிகம் இருக்கவில்லை. வயதான இரண்டு பேர், அந்த இடத்துக்கு முன்பு படல் இருந்ததைத் தாங்களே பார்த்ததாகச் சொன்னார்கள். தேசம்மாவின் மாடுகள் இன்றும் அங்கேதான் நிற்கின்றன. நைனாவுக்குத் தொட்டி நைனா என்ற பெயரும் அன்றே ஒட்டிக்கொண்டது.

திரும்பும்போது பஸ்ஸில், ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று கேட்டேன். "எனக்குக் காது மந்தம்னா, வயசாச்சுன்னு வுட்டுடுவான். உனக்குக் கண்ணு மந்தம்னு பேர் வந்தா, நாளைக்கு எவன் காகிதம் குடுப்பான்? கல்யாணம்கூட ஆவாது" என்று சிரித்தார். நானும் சிரித்தேன். நாளைக்குச் சொல்லிவிடலாம் என்று நினைத்துக்கொண்டேன். மூன்று ஆண்டுகள் ஆகிவிட்டன. கடைத்தெருவில் யாராவது, "இன்னா நைனா, இப்ப காது கேக்குதா?" என்று சீண்டும்போதெல்லாம் அவர், "கொஞ்சம் கேக்குது" என்பார். நான் பக்கத்தில் நடந்துகொண்டிருப்பேன்.

பதினாறாம் நாள் அவருடைய மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்தார்.

"தெரியும் பாப்பா. நீ எழுதின அன்னிக்கு அவரு ஜுரத்துல என் பக்கத்துலதான பட்துகினு இருந்தாரு? ஊருக்குப் போய்ட்டு வந்து, பொய் சொல்லிட்டு வந்தேண்டின்னு சிரிச்சாரு."

எல்லோருக்கும் தெரியும்படி எழுதப் போகிறேன், அந்தப் பெயரும் இனி வேண்டாம் என்று கேட்டுக்கொள்ளப் போகிறேன் என்றேன்.

"பேர்ல கை வெக்காத. அந்தப் பேரைச் சொல்லித்தான் ஊரே அவரக் கூப்பிட்டுச்சு. அது இருக்கட்டும். தப்ப மட்டும் மாத்து" என்றார்.

அவரை அறிந்தவர்களே, பெயர் உங்களிடமே இருக்கட்டும். காகிதத்தில் இல்லாத 'தண்ணீர்' என்ற சொல்லைச் சேர்த்தது நான். அந்தத் தப்பை அவர் மூன்று ஆண்டுகள் தன்னிடம் வைத்திருந்தார். அதை நான் திரும்ப வாங்கிக்கொள்கிறேன்.