காலி அறைக்குள் ஒன்று

பேய், பிசாசு, காற்று, கருப்பு என்று யாராவது ஆரம்பித்தால் நான் சிரித்துவிடுவேன். ஆடிக் கிருத்திகைக்குக் காவடியோடு சாமி வந்து ஆடுகிறவர்களிடமே, "சாமி, என் காலை மிதிக்காம ஆடு" என்று சொன்னவள். இதைக் கேட்டு நீங்களும் சிரிப்பீர்கள், சிரியுங்கள், ஆனால் செய்யாத தப்புக்கு என் மேல் பழி விழுந்ததே, அந்த எரிச்சல் மட்டும் இன்னும் ஆறவில்லை.

என் மருமகள் கோமதிக்குக் கம்ப்யூட்டர் வேலை. குழந்தை பிறந்ததும் சென்னைக் கம்பெனிக்காரர்கள் அவளைத் திருத்தணியில் எங்கள் வீட்டிலிருந்தே வேலை பார்க்கச் சொன்னார்கள், அந்தக் காலத்தில் அது பெரிய அதிசயம். என் மகனுக்கோ சென்னைக்குக் குடிபோக வேண்டும் என்று எப்போதும் ஒரு நமைச்சல். இந்த வேலை வீட்டில் நடக்கிறவரைதான் பேத்தி என் இடுப்பில் இருப்பாள், நின்றுபோனால் அன்றைக்கே மூட்டை கட்டிவிடுவார்கள்.

கோமதியின் வேலையை அவள் சொன்னபடியே சொல்கிறேன். கம்பெனி செய்கிற சாப்ட்வேர் எல்லாம் பொட்டலம் பொட்டலமாக வரும். கம்ப்யூட்டர் தனக்குள்ளேயே ஒரு மூடின அறை கட்டி, பொட்டலத்தை அங்கே பிரித்து, ஒழுங்காக ஓடுகிறதா என்று தானே சோதித்துவிட்டு அறையையும் இடித்துவிடும். அடுத்த பொட்டலத்துக்குப் புது அறை. வெளியிலிருந்து ஒன்றும் உள்ளே போகாது, உள்ளேயிருந்து ஒன்றும் வெளியே வராது. பிரிப்பதற்கு முன்னால், உள்ளே வேறு ஏதாவது ஓடுகிறதா என்று எண்ணிப் பார்க்கும். பூஜ்யம் என்று காட்டினால்தான் வேலை தொடங்கும்.

அன்றைக்குக் காலையிலிருந்து ஒன்று என்று காட்டியது. இடித்துவிட்டுப் புது அறை கட்டினாலும் ஒன்று. கோமதி இன்டர்நெட் வயரைப் பிடுங்கிப் பார்த்தாள், அணைத்துப் போட்டுப் பார்த்தாள், ஒன்று. அது என்ன ஓடுகிறது என்று கேட்டால் பேர் இருக்கவேண்டிய இடம் வெறுமையாக இருந்ததாம். சென்னையிலிருந்து அவளுடைய மேலதிகாரி போனில், சாயங்காலத்துக்குள் சரியாகாவிட்டால் இனிமேல் ஆபீசுக்கே வந்துவிடுங்கள் என்று சொல்லிவிட்டார்.

போனை வைத்தவள் என்னிடம் திரும்பினாள்.

"அத்தை, காலையில இத தொடச்சீங்களா?"

"தொடச்சேன். மேல கீற தூசிய. உள்ள போய் தொடக்கிற அளவுக்கு என் கை சின்னதா?"

"ஏதோ பட்டன அமுக்கிட்டிருப்பீங்க."

"ஏம்மா, உன் வேலை போனா என் பேத்தில்ல போவுது? நானே வண்டி புடிச்சி அனுப்புவனா?"

கையெழுத்துப் போடுவதோடு என் படிப்பு முடிந்தது, எனக்கும் அந்தப் பெட்டிக்கும் என்ன சம்பந்தம் சொல்லுங்கள்.

நான் பிறந்தது அம்மையார்குப்பம். அங்கே பவர்லூம் கொட்டகையில் ஸ்விட்ச் போடுவதற்கு முன்னால் கட்டாயம் குரல் கொடுப்போம். அறுந்த இழையை முடிச்சுப் போட யாராவது தறிக்கு அடியில் குந்தியிருப்பார்கள், கேட்காமல் போட்டால் கை போய்விடும்.

"ஓட்டறதுக்கு முன்னாடி உள்ள யாருன்னு கேட்டியா?" என்றேன்.

"அது ரூமே இல்ல அத்தை. சும்மா பேருக்கு ரூமு."

"அப்ப நீயும் பேருக்கு கேளு."

"எரிச்சலக் கெளப்பாதீங்க."

எரிச்சல் அவளுக்கு மட்டுமா? அவள் வெறுப்பேறட்டும் என்றே திரைக்கு நேராகக் குனிந்து, கொட்டகைக் குரலில் கத்தினேன். "உள்ள யார்னா கீறீங்களா, தறி ஓடப்போவுது, வெளிய வாங்க."

கோமதி இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டாள். நான் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். உடனே ஒன்றும் நடக்கவில்லை. முட்டி வலிக்காரி ஒருத்தி தரையில் கையூன்றி எழுந்து, இடுப்பை நிமிர்த்தி நடந்து வர எவ்வளவு நேரம் ஆகும், அவ்வளவு நேரம் ஆயிற்று. நம்பினால் நம்புங்கள், அதற்கப்புறம் அந்த ஒன்று பூஜ்யமாயிற்று. அவள் கை முகத்தில்தான் இருந்தது, என் கை என் இடுப்பில் இருந்தது.

சாயங்காலத்துக்குள் எல்லாப் பொட்டலமும் ஓடி முடிந்தது. வேலை நிலைத்தது, பேத்தியும் என்னோடே இருந்தாள். என்னிடம் ஒரு வார்த்தை, தப்பாகச் சொல்லிவிட்டேன் அத்தை என்று? மூச்.

"ஏதோ மாட்டிக்கினு இருந்திச்சி, தானா போய்டுச்சி" என்றாள்.

சரி, தானாகவே போயிருக்கட்டும். ஆனால் அது பூஜ்யமாவதற்குக் கொஞ்சம் முன்னால், முகத்தை மூடிக்கொண்டிருந்த அந்தப் பெண் கையை எடுக்காமலே, காலால் உந்தி நாற்காலியைப் பின்னால் நகர்த்தி, நீட்டியிருந்த காலை இழுத்துக்கொண்டாள், பஸ்ஸில் இறங்குகிறவர்களுக்கு ஒதுங்குவோமே, அப்படி.

"யாருக்கும்மா வழி விட்ட?" என்று கேட்டேன்.

"நான் அசையவே இல்லியே."

இன்றைக்கும் அந்த மேசைக்கு முன்னால் உட்கார்ந்தால் காலை மடக்கித்தான் வைத்துக்கொள்கிறாள். கேட்டால் பழக்கம் என்கிறாள். நான் துடைப்பத்தோடு வந்து நின்றால்கூட ஒருநாளும் காலைத் தூக்காதவள்.